ஐப்பசி காத்துக்கு எந்தப் பந்தல்? வெல்டிங் அடிச்சதா, கழட்டி வைக்கிறதா?

ஆடி மாசம் விதை வாங்க ஓடுறப்போ யாரும் பந்தலைப் பத்தி யோசிக்கிறதில்ல. ஐப்பசி பொறந்து காத்து வடக்கேர்ந்து திரும்பி, நிழல்வலை படபடன்னு அடிக்க ஆரம்பிச்சதும்தான் எல்லாரும் மேல நிமிந்து பாக்குறோம். எங்க வீடு சென்னை மடிப்பாக்கத்துல, மொட்டை மாடில இருபதுக்குப் பதினஞ்சு அடில தோட்டம். நான் ரெண்டு வகைப் பந்தலையும் வச்சுப் பாத்துட்டேன், அதனால முதல்லயே சொல்லிடுறேன், என் ஓட்டு கழட்டி வைக்கிற பந்தலுக்குத்தான்.

2022 கோடைல முதல்ல போட்டது வெல்டிங் பந்தல். ஜிஐ பைப்ல (துத்தநாகம் பூசின இரும்பு) எட்டு கால், ஒவ்வொரு காலுக்கும் கீழ பேஸ் பிளேட்ங்கிற இரும்புத் தட்டு, அதுக்கு நாலு போல்ட், மேல பாதி வெயிலை மறைக்கிற அம்பது சதவீத பச்சை வலை. அப்போ முப்பத்தஞ்சாயிரம் ஆச்சு. பாக்க அம்சமா இருந்துச்சு, அதை மறுக்க மாட்டேன். கீழ நின்னு காபி குடிக்கலாம், தொங்குற தொட்டி மாட்டலாம், பீர்க்கங்காய் கொடிய அப்படியே பைப்ல ஏத்தி விட்டுடலாம். கத்திரி வெயில்ல தக்காளிச் செடிய அதுதான் காப்பாத்துச்சு.

அதே வருஷம் டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துல கரையைக் கடந்துச்சு. வலை பைப்போட சேத்து கேபிள் டை போட்டு இறுக்கி இருந்ததால இருட்டுல போய் அவுக்கவும் முடியல, விடியக்காலைல போய்ப் பாத்தா ஒரு மூலை கிழிஞ்சு சாட்டை மாதிரி அடிச்சு, அந்தப் பக்கம் இருந்த மிளகாய்ச் செடி பத்தும் இலை இல்லாம குச்சியா நிக்குது. காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா அது தள்ளுற விசை நாலு மடங்காகும், வலைல ஓட்டை இருக்கே, காத்து பூந்து போயிடும்னு நான் நம்பினது தப்பு. அம்பது சதவீத வலைன்னா மீதி அம்பதுல காத்து மோதிட்டுதானே இருக்கு.

கிழிஞ்ச வலை பெரிய செலவு இல்ல, மாத்திட்டேன். என்னை மாத்தி யோசிக்க வச்சது தளம் ஒழுகினதுதான், இதைக் கொஞ்சம் விவரமாவே சொல்லணும், ஏன்னா பந்தல் போடுறவங்க யாரும் இதைச் சொல்றதில்ல.

நம்ம ஊர் பழைய வீடுகள்ல மொட்டை மாடித் தளத்துக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து ஒரு அடுக்கு போட்டு, அதுக்கு மேலதான் தட்டு ஓடு பதிச்சிருப்பாங்க. மழைத்தண்ணி கான்கிரீட்டைத் தொடாம வழிஞ்சு போறதுக்கும், வெயில் சூடு கீழ இறங்காம இருக்கவும்தான் அந்த அடுக்கு. எட்டு காலுக்கு நாலு போல்ட்னா முப்பத்திரெண்டு ஓட்டை, எல்லாமே அந்த அடுக்கைத் தாண்டி கான்கிரீட் வரைக்கும் இறங்குது. வெல்டிங் அண்ணன் தண்ணி இறங்காம நல்லாத்தான் சீலன்ட் அடிச்சுக் குடுத்தார், அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா காத்தடிக்கும்போது பந்தல் மொத்தமும் லேசா ஆடும், அந்த ஆட்டம் பூரா போல்ட்லதான் போய் இறங்கும், ரெண்டு சீசன்ல போல்ட்டைச் சுத்தி முடி அளவுக்கு இடைவெளி விழுந்துடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வந்தப்போ 3-ம் தேதி ராத்திரி பிடிச்ச மழை மறுநாள் பூரா கொட்டுச்சு இல்லையா, அப்போ அம்மா ரூம்லேர்ந்து கத்துறாங்க, "டேய், சீலிங்ல தண்ணி சொட்டுதுடா, ஃபேன் மேலயே சொட்டுது!" ஓடிப்போய் முதல்ல மெயினை ஆஃப் பண்ணேன். ஃபேன் றெக்கை நுனில ஒவ்வொரு சொட்டா சேந்து பழுப்பு கலர்ல விழுது, சுண்ணாம்பு வாசனை வேற. இதுல கொடுமை என்னன்னா அந்த ஃபேனுக்கு நேர் மேல போல்ட்டே கிடையாது. தண்ணி ஒரு இடத்துல இறங்கி, ஜல்லி அடுக்குக்குள்ளயே ஓடி வேற இடத்துல வெளிய வரும், அதனால எந்த ஓட்டைய அடைக்கிறதுன்னே தெரியாது. கடைசில எட்டு காலையும் கழட்டி, சுத்தி இருந்த தட்டு ஓடுகளைப் பேத்து திரும்பப் பதிச்சோம். அந்த வேலைக்கு ஆன காசு பந்தல் காசுல பாதிக்கு மேல.

தரைல வேணாம், கைப்பிடி சுவர்ல கிளாம்ப் போட்டுக்கலாம்னு சிலர் சொல்வாங்க. நிறைய வீட்டுல அந்தச் சுவர் வெறும் நாலரை இஞ்ச் செங்கல். பந்தல் இழுக்குற இழுப்புக்கு விரிசல் விட்டா, உடைஞ்சு விழுறது தெருவுல நடந்து போறவங்க மேல. அது வேணவே வேணாம்.

இப்போ வச்சிருக்கிறது எப்படின்னா, எட்டு காலி பெயிண்ட் பக்கெட், இருபது லிட்டர் அளவு. நடுவுல ரெண்டு இஞ்ச் பிவிசி பைப் துண்டை நிக்க வச்சு சுத்தி கான்கிரீட் ரொப்பினோம், ஒரு பக்கெட் நாப்பத்தஞ்சு கிலோவுக்குக் கொறையாது. பழைய பந்தல் பைப்பையே ஏழடியா அறுத்து அந்தக் குழிக்குள்ள சொருகினா கால் ரெடி. மேல குறுக்க சவுக்குக் கம்பு, கயிறு, வலை. தரைல ஒரு ஓட்டை கூட இல்ல. பக்கெட்டை மட்டும் தளத்தோட நடுவுல வைக்காதீங்க, கீழ சுவர் வர்ற இடமாப் பாத்து ஓரமா வைங்க. பைப் இருந்ததால எனக்கு மொத்தமே ஏழாயிரத்துல முடிஞ்சுது, புதுசா வாங்கினா கூட வெல்டிங் பந்தல்ல பாதி கூட வராது. மிஞ்சின பேஸ் பிளேட்டும் துண்டு பைப்பும் காயலான் கடைக்குப் போச்சு, கிலோ கணக்குல எடை போட்டு எடுத்துக்கிட்டாங்க. வெல்டிங் பந்தலை வேணாம்னு நெனச்சா கடைசில கையில நிக்கிற விலை அவ்ளோதான்.

இதோட குறையையும் சொல்லிடணும். கோடைல சாதாரண சாயங்கால கடல் காத்துக்கே கொஞ்சம் ஆடும். வருஷத்துக்கு ஒரு தடவை கயிறு மாத்தணும், வெயில்ல நைலான் கயிறு பொடிப்பொடியாப் போயிடுது. வலைய எறக்க ரெண்டு ஆள் வேணும். தனியா இருக்கிற வயசானவங்களுக்கு இது கஷ்டம்தான். அவங்களுக்கு நான் வலையே இல்லாம சுவர் நிழல்ல செடிய நகர்த்தி வைக்கச் சொல்வேன்.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, நிழல்வலை நமக்கு எப்போ வேணும்? மார்ச்லேர்ந்து, இழுத்துப் பிடிச்சா ஆகஸ்ட் வரைக்கும். ஏப்ரல் கடைசில சூரியன் நம்ம தலைக்கு நேர் மேல நிக்கும், அப்போ வலை இல்லைன்னா செடி கருகிடும். டிசம்பர்ல அதே சூரியன் மத்தியானத்துல கூட தெற்கால சாஞ்சுதான் போகும், பாதி நாள் மேகமூட்டம் வேற. முள்ளங்கி, பீட்ரூட், காலிஃப்ளவர் எல்லாம் அப்போதான் வளருது, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் வலை போட்டு மறைச்சா முள்ளங்கி இலையாவே நிக்கும், கிழங்கு பிடிக்காது. மார்கழிப் பனில கொடிங்க மேல சாம்பல் நோய் வர்றதும் காத்தும் வெயிலும் படாத மூலைலதான் அதிகம். அதாவது காத்து அடிக்கிற மாசத்துல வலையோட வேலையே கிடையாது. வேலை இல்லாத பொருளை மேல கட்டி வச்சு எதுக்குப் புயல்கிட்ட குடுக்கணும்?

மழைக்குன்னு வலைக்குப் பதிலா பிளாஸ்டிக் ஷீட் போடுறவங்களுக்கு ஒரே கணக்கு. நம்ம முன்னூறு சதுர அடில ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தாலே இருநூத்தி எம்பது லிட்டர் தண்ணி. ஷீட் கொஞ்சம் தொய்ஞ்சா அதுல பாதி மேலயே தேங்கி நிக்கும்.

சிக்கல் கொடிலதான். அவரை ஆடில போட்டா சரியா புயல் மாசத்துலதான் பந்தல் நிறைஞ்சு பூத்து நிக்கும், வலைய சுருட்டுற மாதிரி அதைச் சுருட்ட முடியாது. 2024 நவம்பர் 29 மத்தியானம் ஃபெஞ்சல் புயலாயிடுச்சுன்னு செய்தி வந்ததும் தம்பியும் நானும் மேல போனோம். நிழல்வலை அதுக்கு முன்னாடியே இறங்கியாச்சு. அவரைக்குத் தனியா நாலு கால்ல சவுக்குச் சட்டம், அதுல கொடிவலை. ஒரு பக்கக் கயிறை அவுத்து மெதுவா இறக்கி, அப்புறம் மறுபக்கம், கொடியோட சட்டத்தைத் தரைல படுக்க வச்சு வடக்கு கைப்பிடி சுவரை ஒட்டித் தள்ளினோம், ஏன்னா புயல் நமக்குத் தென்கிழக்குல இருக்கும்போது காத்து முதல்ல வடக்கேர்ந்துதான் வரும். மேல ஒரு மூங்கிலைக் குறுக்கப் போட்டு ரெண்டு பக்கெட்டை ஏத்தி வச்சோம். மறுநாள் ஏர்போர்ட்டையே மூடினாங்க. ஞாயித்துக்கிழமை தூக்கி நிறுத்தினப்போ கொடில ரெண்டு தண்டு முறிஞ்சிருந்தது, பூ பாதிக்கு மேல கொட்டிடுச்சு. ஆனா மார்கழி பாதிலேர்ந்து காய் திரும்பக் காய்க்க ஆரம்பிச்சு, பொங்கல் கூட்டுக்கு எங்க வீட்டு அவரைதான்.

இது ஒரே ஒரு புயல்ல பாத்த அனுபவம், அதுவும் ஃபெஞ்சல் கரையைக் கடந்தது புதுச்சேரி பக்கம். 2016 வர்தா புயல் மாதிரி நேரா நம்ம தலை மேல வந்தா படுக்க வச்ச பந்தல் தாங்கும்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். தாங்கலைன்னாலும் போறது சவுக்குக் கம்பும் கயிறும்தான், அம்மா ரூம் சீலிங் பத்திரமா இருக்கும்.

இந்த ஞாயித்துக்கிழமை வலைய இறக்கி, காய வச்சு, சுருட்டி படிக்கட்டு ரூம்ல வைக்கப் போறேன், தைப் பொங்கல் தாண்டித்தான் வெளிய வரும். அவரை இப்போதான் சட்டத்தோட மேல்கம்பைப் பிடிச்சிருக்கு. அதோட நாலு மூலைக் கயிறையும் நேத்து அவுத்து, ஒரு இழுப்புக்கு விட்டுக் குடுக்குற உருவு முடிச்சா போட்டு வச்சிருக்கேன்.