"பஞ்சாயத்து ஃபைபர்"னு வந்தா மொதல்ல ஒயர பாருங்க

மக்களே, கொஞ்சம் நீளமா இருக்கும், ஆனா படிச்சிருங்க. முக்கியமா அப்பா அம்மாவ டெல்டா பக்கம் ஊர்ல விட்டுட்டு வெளியூர்ல வேலை பாக்குறவங்க.

எங்க ஊரு திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவுல, மெயின் ரோட்டுலேர்ந்து உள்ள போகணும். சிக்னல் வேணும்னா வாய்க்கா மதகு மேல ஏறி நிக்கணும், அதுவும் ஒரு பக்கமா சாஞ்சு நின்னாதான். ஆனா இப்ப பயிர் இன்சூரன்ஸ், கொள்முதல் நிலையத்துக்கு நெல் பதியிறது, சிட்டா எடுக்கறதுன்னு எல்லாம் ஆன்லைன். சம்பா இன்சூரன்ஸ் கடைசி நாள் நெருங்குனா டவுன் சென்டர்ல நாள் முழுக்க க்யூல நிக்கணும். அதனால வீட்டுக்கே நெட்டு வருதுன்னு சொன்னா யாரு வேணாம்பாங்க?

போன வருசம் ஆடியில ஒரு தம்பி பைக்ல வந்தான். நல்லா டக்-இன் பண்ணி, கழுத்துல அடையாள அட்டை. "ஐயா, கவர்மெண்டு பஞ்சாயத்து ஃபைபர் திட்டம், 100 எம்பிபிஎஸ், கட்டவேண்டியது 3,000, அதுல 1,500 டெபாசிட், மாசம் 400"ன்னு நோட்டீஸ் குடுத்திருக்கான். இதுல பாதி நிஜம், அதுதான் ஆபத்து. கிராமத்துக்கு ஃபைபர் இழுக்கற மத்திய அரசு திட்டம் உண்மையிலயே இருக்கு, 2011ல அனுமதி குடுத்தாங்க, 2015ல பாரத்நெட்னு பேர் மாத்தினாங்க. தமிழ்நாட்டுல 12,525 ஊராட்சிக்கும் கொண்டு போறதா அறிவிச்சாங்க. ஆனா அந்த கேபிள் வந்து நிக்கிற எடம் ஊராட்சி ஆபீஸ். அங்கேந்து நம்ம வீட்டு வாசல் வரைக்கும் யார் இழுக்கறா, யார் பில்லு போடுறாங்கறதுதான் நம்ம கேக்கவேண்டிய கேள்வி. எங்க தெருவுல யாரும் கேக்கல. 23 வீடு பணம் கட்டிட்டாங்க.

ரெண்டே நாள்ல கனெக்சன் வந்துருச்சு, ஊரே ஆச்சரியப்பட்டுச்சு. கஜா புயல்ல போனது போக மிச்சம் நிக்கிற தென்னமரத்துல எல்லாம் நீல கலர் ஒயர் கட்டி வீடு வீடா இழுத்தான். மொத மூணு வாரம் நல்லா வந்துச்சு, சிங்கப்பூர்ல இருக்கற என் தம்பி அம்மாகிட்ட முகம் பாத்து பேசினான், அம்மாவுக்கு கால் தரையில இல்ல. அப்புறம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல சுத்திக்கிட்டே இருக்கும். இன்னொண்ணு, பக்கத்து கொல்லை மோட்டார் கொட்டகையில கரண்ட் போனா எங்க வீட்டு நெட்டும் போகும். வீட்ல கரண்ட் இருக்கும், நெட் மட்டும் இருக்காது. நான் சென்னையில இருந்துகிட்டு "பெட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கப்பா"ன்னு சொல்லிட்டு விட்டுட்டேன். தப்பு என் மேலயும் இருக்கு.

ஐப்பசியில ஒரு ராத்திரி இடி. தென்னந்தோப்புல எறங்கிருக்கு. காலையில பாத்தா நாலு வீட்டு நெட் பெட்டி கருகிப்போச்சு, ஒரு வீட்ல பெட்டியோட சேத்து டிவியும். தீபாவளிக்கு ஊருக்கு போனப்ப நெட்ஒர்க் வேலை தெரிஞ்ச மச்சான கூட்டிட்டு போயி காமிச்சேன். அவன் ஒயர பாத்த உடனே சிரிச்சுட்டான். "மாமா, இது ஃபைபரே இல்ல, லேன் ஒயரு. ஃபைபர்னா உள்ள கண்ணாடி இழை, அதுல கரண்ட் ஓடாது. இது செம்பு, இடிய நேரா வீட்டுக்குள்ள கூட்டிட்டு வரும்"னான். லேன் ஒயர் 100 மீட்டருக்கு மேல ஒழுங்கா போகாதாம், அதனால நடுவுல ஒரு மரத்துல பிளாஸ்டிக் டப்பாவ கட்டி உள்ள சுவிட்ச் பெட்டி வச்சிருக்கான், அதுக்கு கரண்ட் அந்த மோட்டார் கொட்டகையிலேர்ந்து. விவசாயத்துக்கு குடுக்கற இலவச கரண்ட்! ஈபிகாரங்க பாத்திருந்தா மாட்டுறது அந்த கொல்லைக்கார பெரியப்பாதான், அவருக்கு விசயமே தெரியாது.

ஒயர பிடிச்சுக்கிட்டே போனோம். ரோட்டோரம் பூட்டிக் கெடந்த ஒரு கடைக்குள்ள முடியுது. உள்ள ஒரே ஒரு நிஜ ஃபைபர் கனெக்சன். வீட்டு உபயோகத்துக்கு வாங்குற ஒரு கனெக்சன 23 வீட்டுக்கு பிரிச்சு வித்திருக்கான். நெட்ட அடுத்தவனுக்கு விக்கணும்னா தொலைத்தொடர்புத் துறை லைசென்ஸ் வேணும், இவன்கிட்ட என்ன இருந்துச்சு, கழுத்துல தொங்குன அட்டைதான்.

இதுக்கு மேலதான் வயித்த கலக்குச்சு. அந்த ஒரு கனெக்சன் யாரு பேர்ல? எங்கப்பா பேர்ல.

எல்லார்கிட்டயும் ஆதார் ஜெராக்ஸ் வாங்கியிருக்கான். அப்பாகிட்ட மட்டும் கூடுதலா "ஐயா ஒரு நம்பர் வரும் சொல்லுங்க"ன்னு ஓடிபி கேட்டிருக்கான், அப்பாவும் கண்ணாடி போட்டுக்கிட்டு நிதானமா ஒவ்வொரு நம்பரா படிச்சு சொல்லிருக்காரு. அவரோட பட்டன் போன்ல இன்பாக்ஸ தொறந்தா மாசாமாசம் பில் மெசேஜ், எல்லாம் இங்கிலீஷ்ல. "கம்பெனிக்காரன் ஏதோ விளம்பரம் அனுப்புறான்னு நெனச்சேன்டா"ன்னாரு. கஸ்டமர் கேர்ல கேட்டா மாசம் 799, ஜிஎஸ்டி சேத்து கிட்டத்தட்ட 943, ரெண்டு மாச பாக்கி 1,886. இவன் மாசம் 9,200 வசூல் பண்ணிக்கிட்டு அந்த 943ஐயும் கட்டல! பாக்கி கூட பெரிசில்லங்க. 23 வீட்ல யாராவது ஒரு பையன் நெட்ல ஏடாகூடமா ஏதாவது பண்ணியிருந்தா போலீஸ் வந்து தட்டுறது 71 வயசு ஆளு வீட்டு கதவத்தான்.

பாக்கிய நாங்களே கட்டி கனெக்சன கேன்சல் பண்ணினோம், கேன்சல் ஆனதுக்கு எழுத்துல வாங்கி வச்சிருக்கோம். ஸ்டேசன்ல மனு குடுத்து சிஎஸ்ஆர், அதாவது புகார் வாங்கிக்கிட்டதுக்கான ரசீது, வாங்கியாச்சு. 1915 நுகர்வோர் உதவி எண்ல பேசினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடலாம்னு இருக்கோம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல, ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். ஆனா அந்த தம்பிகிட்ட பணம் கட்டினதுக்கு ஒருத்தர் கைலயும் ரசீது இல்ல, எல்லாரும் கையில காசா குடுத்தது, அதான் இழுக்குது. அப்பா ஆதார்ல வேற சிம் எதுவும் வாங்கியிருக்கானான்னு தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல பாத்தேன், நல்லவேளை இல்ல.

ஊர்ல கனெக்சன் குடுக்க யார் வந்தாலும் ரெண்டு விசயம் பாத்துக்கங்க. பெட்டியில PON (பான்)னு எழுதின ஒரு லைட்டு இருக்கணும், பின்னாடி சொருகுற ஒயர் மெல்லிசா, முனை பெரும்பாலும் பச்சை கலர்ல இருக்கும். தடியா நீல ஒயர் மரத்துலேர்ந்து நேரா வந்து பெட்டியில சொருகியிருந்தா அது வேற கதை. இன்னொண்ணு பில்லு, உங்க பேர்ல, உங்க நம்பருக்கு, கம்பெனிலேர்ந்து வரணும். பில்லே வரலன்னா நீங்க வேற யாரோட நெட்டயோ ஓட்டிக்கிட்டு இருக்கீங்க, அந்த யாரோ எங்கப்பா மாதிரி ஒருத்தரா இருக்கலாம்.

இப்ப ஏன் எழுதுறேன்னா, போன வாரம் வலங்கைமான் பக்கம் இருக்கற எங்க சித்தப்பா வாட்சப்ல ஒரு நோட்டீஸ் அனுப்பி "கட்டலாமாடா"ன்னு கேட்டாரு. அதே 3,000, அதே எழுத்துப்பிழை, போன் நம்பர் மட்டும் புதுசு.