நடையா, எடைப் பயிற்சியா?

உடல் பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவரிடம் பார்ப்பவரெல்லாம் சொல்வது ஒன்றுதான்: "நன்றாக நடங்கள்." அதைச் செய்துகொண்ட நானும் முதல் ஆறு வாரத்துக்கு அதையேதான் சொல்வேன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆனாலும், குடலை மாற்றி இணைக்கும் பைபாஸ் ஆனாலும், அன்று மாலையோ மறுநாளோ கட்டிலிலிருந்து இறக்கி வராந்தாவில் நடக்க வைத்துவிடுவார்கள். கொழுப்பைக் கரைப்பதற்காக அல்ல; காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலை அடைத்துவிடாமல் இருப்பதற்காக.

அந்த நாட்களில் எடை தூக்கினால், அறுவைக்காக வயிற்றில் துளையிட்ட இடத்தில் குடலிறக்கம் வரலாம். நிரம்பிய குடம்கூடக் கூடாது. பேரக்குழந்தை கையை நீட்டினாலும் உட்கார்ந்தபடி மடியில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மருத்துவர் அனுமதித்த பிறகு கணக்கு மாறுகிறது. மூன்றாவது மாதம் எனக்குப் பதினெட்டு கிலோ குறைந்திருந்தது. தினமும் நடந்துகொண்டும் இருந்தேன். ஆனால் பூஜையறையில் தரையில் உட்கார்ந்தவன், எழுவதற்குக் கதவு நிலையைப் பிடிக்க வேண்டியிருந்தது. கொழுப்போடு தசையும் கரைந்திருந்தது. எடை பார்க்கும் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

தசையைக் காப்பதில் நடை பின்தங்கிவிடுகிறது. அதற்கு எடைப் பயிற்சிதான் வேண்டும். ஜிம் தேவையில்லை: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ரப்பர் பட்டையை இழுப்பது. புரதம் போதாமல் இதைச் செய்வது செங்கல் இல்லாமல் கொத்தனாரை அழைப்பது போல. நாளுக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். சுருங்கிய இரைப்பையில் அதைச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. பயிற்சியைவிட எனக்கு அதுதான் கடினமாக இருந்தது.

நீச்சல், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வரம். தையல் முழுதும் ஆறும்வரை குளத்துப் பக்கம் போகக் கூடாது.

நடையில் வேறொரு ஆபத்தும் உண்டு: பூங்கா வாசல் கரும்புச்சாறு. பைபாஸ் செய்தவர் அதைக் குடித்தால் சற்று நேரத்தில் படபடப்பும் வியர்வையும் தலைசுற்றலும் வந்துவிடலாம். தண்ணீரைக்கூட மடமடவென்று குடிக்க முடியாது. பாட்டிலைக் கையோடு எடுத்துப்போய் மிடறு மிடறாகத்தான் குடிக்க வேண்டும்.

நாளுக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்பவருக்கு என் பங்கீடு: ஐந்து நாள் நடை, இரண்டு நாள் நாற்காலி. மழை வந்து நடை கெட்டால் அன்றும் நாற்காலி.