வெக்டர் புரிந்ததா என்று பார்க்க: கொள்குறி வினாவா, வரையச் சொல்வதா?

வெக்டர் என்றால் அளவும் திசையும் சேர்ந்தது. A என்ற வெக்டர் வலப்பக்கம் 3 அலகு, B மேல்நோக்கி 4 அலகு. A−B-யின் எண்மதிப்பு என்ன? விடை 5. ஆனால் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்ட மாணவருக்கும் அதே 5 தான் வரும், கொள்குறித் தாளில் அவருக்கு முழு மதிப்பெண்! அதே கணக்கை அம்புக்குறியால் வரையச் சொல்லுங்கள், B-யைத் திருப்பாமல் விட்டது, திருப்பிய B-யின் வாலை A-யின் நுனியோடு சேர்க்காமல் இரண்டு நுனிகளைச் சும்மா கோடு போட்டு இணைத்தது, எல்லாம் தாளிலேயே தெரிந்துவிடும். இதனால்தான் எனக்கு வரையச் சொல்வது பிடிக்கும்.

சரி, 200 பேர் இருந்தால்? திருத்தி முடியாது. அங்கே கொள்குறிதான். அதையும் நன்றாகச் செய்யலாம், தவறான விடைகளை இஷ்டத்துக்குப் போடாமல் மாணவர்கள் உண்மையிலேயே எழுதும் தவறுகளிலிருந்து எடுக்க வேண்டும். (2i+3j)·(4i+j) என்ற ஸ்கேலார் பெருக்கலைக் கேட்டால் (i வலப்பக்கம் ஓரலகு, j மேல்நோக்கி ஓரலகு) விடை 11. 8i+3j என்பதையும் ஒரு விடையாக வையுங்கள், ஸ்கேலார் பெருக்கலின் விடை வெறும் எண், அதற்குத் திசை இருக்காது என்பது புரியாதவர் அதைத்தான் தேர்ந்தெடுப்பார். 2014-இல் வெளியான 20 வினாக்கள் கொண்ட வெக்டர் புரிதல் தேர்வு அப்படித்தான் உருவானது, முதலில் மாணவர்களைச் சொந்தமாக எழுதவிட்டு, அந்தத் தவறுகளையே விடைகளாக வைத்தார்கள்.

வெக்டர் பெருக்கலின் (இதன் விடை இரண்டு வெக்டர்களுக்கும் செங்குத்தான இன்னொரு வெக்டர்) திசைக்கு மட்டும் வரையச் சொல்வதை விட ஒரு வரி விளக்கம் கேட்பது நல்லது, முப்பரிமாணத்தைத் தாளில் வரைவதே பலருக்குத் தனிச் சிரமம்.