யூ-பூட் கான்ஃபிக் ஆவணங்கள்: பல பதிப்புகள் தாண்டிய பின் நின்றதும் உதிர்ந்ததும்

யூ-பூட் என்பது சர்க்யூட் போர்டுக்கு மின்சாரம் வந்ததும் ஓடி, லினக்ஸ் போன்ற இயங்குதளத்தை ஏற்றும் நிரல். அதன் போர்டு ஆவணம் எதைத் திறந்தாலும் முதலில் ஒரு நீள அட்டவணை நிற்கும். இடப்பக்கம் கான்ஃபிக் (அமைப்புத் தேர்வு) பெயர், நடுவில் மதிப்பு, வலப்பக்கம் "அவசியம்" என்று ஒற்றைச் சொல். எழுதிய அன்று அது சரியாகத்தான் இருந்திருக்கும். நான்கைந்து பதிப்பு தாண்டியதும் அதில் எந்த வரி உண்மை, எந்த வரி பழங்கதை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே துப்புரவு என்றால் முதல் வேலை இந்த அட்டவணையைத் தூக்குவதுதான். திருத்துவது அல்ல, தூக்குவது.

காரணம் யூ-பூட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது. ஆரம்பத்தில் கான்ஃபிக் எல்லாம் போர்டின் ஹெடர் கோப்பில் இருந்தன. விளக்கமெல்லாம் ரீட்மீ என்ற ஒரே பெரிய கோப்பில். 2014.10 பதிப்பில் கேகான்ஃபிக், அதாவது தேர்வுகளை விவரித்து நிர்வகிக்கும் முறை, வந்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் பாதி ஹெடரில், பாதி டெஃப்கான்ஃபிக்கில் (போர்டுக்கான தேர்வுகளின் கோப்பு) என்று இரட்டைக் குடித்தனம். 2023.01 பதிப்பை ஒட்டித்தான் அது முடிவுக்கு வந்தது. ஹெடரில் மிச்சம் இருந்தவற்றுக்கு முன்னொட்டே மாறிவிட்டது. அதே காலத்தில் "சிஸ் டெக்ஸ்ட் பேஸ்" வெறும் "டெக்ஸ்ட் பேஸ்" ஆனது. பழைய ஆவணத்தைப் பார்த்துப் பழைய பெயரை டெஃப்கான்ஃபிக்கில் போட்டால் பிழை வரும் என்று எதிர்பார்ப்போம். வராது. தெரியாத பெயரை கேகான்ஃபிக் ஓசைப்படாமல் விட்டுவிடும். பெயர் சரியாக இருந்து, அது சார்ந்திருக்கும் இன்னொரு தேர்வு அணைந்திருந்தாலும் இதே கதிதான். பில்டு சுத்தமாக முடியும், போர்டு மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

இதைப் பிடிக்க ஒரு சின்னச் சடங்கு போதும். டெஃப்கான்ஃபிக்கை ஏற்றி, உடனே மேக் சேவ்டெஃப்கான்ஃபிக் ஓட்டி, வெளிவரும் கோப்பைப் பழையதோடு டிஃப் (வித்தியாசப் பட்டியல்) எடுக்க வேண்டும். காணாமல் போன ஒவ்வொரு வரிக்கும் மூன்றில் ஒரு காரணம்தான்: பெயர் செத்துவிட்டது, சார்பு நிறைவேறவில்லை, அல்லது அந்த மதிப்பே இப்போது இயல்பு மதிப்பு. முதல் இரண்டும் ஆபத்து. மூன்றாவதைப் பேசாமல் விடலாம். ஒவ்வொரு பதிப்பு ஏற்றத்திலும் இதைச் செய்தால் ஆவணத்தின் பாதி நோய் தீரும்.

துப்புரவு ஆர்வத்தில் நடக்கும் ஒரு விபத்தையும் சொல்ல வேண்டும். டெஃப்கான்ஃபிக்கில் ஹாஷ் குறியோடு தொடங்கி "இஸ் நாட் செட்" என்று முடியும் வரிகள் இருக்கும். பார்க்கக் கருத்துரை மாதிரியே இருக்கும். கருத்துரை அல்ல, இயல்பாக இயங்கும் ஒன்றை அணைக்கும் கட்டளை அது. "தேவையில்லாத கமெண்ட்" என்று அழித்தால் அணைத்து வைத்ததெல்லாம் திரும்ப விழித்துக்கொள்ளும். எஸ்.பி.எல். (முழு யூ-பூட்டை ஏற்றுவதற்காக முதலில் ஓடும் சின்ன நிரல்) அளவு திடீரென்று வீங்கினால் முதலில் இங்கே பாருங்கள்.

சரி, அட்டவணையை எடுத்த இடத்தில் எதை வைப்பது? காரணத்தை. மதிப்பு டெஃப்கான்ஃபிக்கில் இருக்கிறது. பொருள் கேகான்ஃபிக்கின் உதவிக் குறிப்பில் இருக்கிறது. "ஏன் இந்த எண்" என்பது மட்டும் எங்கும் இருக்காது. ஐ.எம்.எக்ஸ்.6 போர்டுகளை எடுத்துக்கொள்வோம். எஸ்.டி. கார்டில் எஸ்.பி.எல். 1 கிலோபைட்டில் தொடங்கும். யூ-பூட் இமேஜ் 69 கிலோபைட்டில். ஆவணங்கள் இந்த இரண்டு எண்ணையும் டி.டி. (லினக்ஸில் இமேஜை எழுதும்) கட்டளையோடு எழுதி நிறுத்திவிடும். 69 எங்கிருந்து வந்தது? எஸ்.பி.எல்.லுக்கு ஒதுக்கிய இடம், முன்னால் வரும் 4 கிலோபைட் தலைப்பையும் சேர்த்து, 68 கிலோபைட். முன்னால் உள்ள 1-ஐக் கூட்டினால் 69. இந்த ஒரு வரி ஆவணத்தில் இருந்தால், எஸ்.பி.எல்.லில் புதிதாக ஒரு டிரைவரைச் சேர்ப்பவர் தான் எந்தச் சுவரில் மோதப்போகிறார் என்பதை முன்கூட்டியே அறிவார். அது இல்லாவிட்டால், யாராவது இமேஜை "வசதிக்காக" நகர்த்துவார், எஸ்.பி.எல். மட்டும் பழைய 138-ஆவது செக்டரிலேயே (512 பைட் துண்டு ஒன்று ஒரு செக்டர்) தேடிக்கொண்டிருக்கும்.

செக்டர் என்றதும் எண் முறைத் தொல்லை. இதற்கு ஆவணத்தில் ஒரு பத்தி ஒதுக்கியது வீண் போகவில்லை. யூ-பூட் கட்டளை வரியில் எண் எழுதினால் அது பெரும்பாலும் ஹெக்ஸ்தான் (பதினாறடிமான எண்), முன்னொட்டு இல்லாவிட்டாலும். எம்.எம்.சி. ரைட் கட்டளை 512 பைட் செக்டர் கணக்கில் பேசும், என்விரான்மென்ட் (யூ-பூட் சேமித்து வைக்கும் மாறிகள்) இருக்கும் இடத்தைச் சொல்லும் என்வ் ஆஃப்செட் பைட் கணக்கில், லினக்ஸில் டி.டி. தசமத்தில். ராக்சிப் போர்டுகளில் யூ-பூட் இமேஜின் இடம் 8 மெகாபைட், அதாவது 16384-ஆவது செக்டர். டி.டி.க்கு 16384 சரி. யூ-பூட் வரியில் அதையே அடித்தால் அது தசமத்தில் 91012 ஆகிவிடும். எழுதுவது 44 மெகாபைட்டுக்கு அப்பால், பெரும்பாலும் ஏதோ ஒரு பார்டிஷனின் நடு வயிற்றில் இறங்கும். அங்கே அடிக்க வேண்டியது 4000. போதாக்குறைக்கு பூட்டிலே (தானாக பூட் ஆகும் முன் காத்திருக்கும் நேரம்), ஸ்லீப் போன்றவை தசமத்தையே எடுத்துக்கொள்ளும். எனவே ஆவணத்தில் எண் வரும் இடமெல்லாம் அலகும் எண் முறையும் கூடவே வர வேண்டும். "ஆஃப்செட் 4000" என்று மொட்டையாக எழுதினால் அது வெடிக்கக் காத்திருக்கும் பட்டாசு.

பூட்டிலே மதிப்புகளைப் பற்றியும் பல ஆவணங்கள் தலைகீழாக எழுதுகின்றன. 0 என்றால் தாமதம் இல்லை, ஆனால் விசையை அழுத்தி நிறுத்தலாம். -1 என்றால் தானாக பூட் ஆகவே ஆகாது. -2 என்றால் தாமதமும் இல்லை, விசையைப் பார்ப்பதும் இல்லை. விற்பனைக்குப் போகும் சாதனத்தை "பூட்டி வைக்க" என்று -1 போட்டால் அது யாரும் கட்டளை அடிக்கக்கூடிய பிராம்ப்ட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். பூட்டுவதற்குப் பதில் கதவைத் திறந்து வைத்த கதை.

அதிக நேரம் தின்றது என்விரான்மென்ட் பகுதிதான். லினக்ஸ் பக்கத்திலிருந்து அதைப் படிக்க எஃப்.டபிள்யூ. என்வ் கான்ஃபிக் கோப்பு வேண்டும்: சாதனம், ஆஃப்செட், அளவு. இந்த மூன்றும் டெஃப்கான்ஃபிக்கில் உள்ளதன் நகல். நகல் என்றாலே என்றோ ஒருநாள் பிசகும். இரட்டைப் பிரதி வைத்திருந்தால் கோப்பில் இரண்டு வரி வேண்டும். ஒரு வரி மட்டும் இருந்தால் சி.ஆர்.சி. (தரவு சரியா என்று பார்க்கும் எண்) பொருந்தவே பொருந்தாது. ஒற்றைப் பிரதியில் 4 பைட் சி.ஆர்.சி. முடிந்ததுமே தரவு, இரட்டைப் பிரதியில் இடையே ஒரு பைட் கொடி இருக்கும். அந்த ஒரு பைட்டில் கணக்கு கெடும்.

கெட்டால், லினக்ஸில் அதைப் படிக்கும் கருவி நின்றுவிட்டாலாவது தேவலை. "பேட் சி.ஆர்.சி., யூசிங் டிஃபால்ட் என்விரான்மென்ட்" என்று ஒரு வரி எச்சரித்துவிட்டு, தனக்குள் இருக்கும் இயல்பு மதிப்புகளை அழகாக அச்சிடும். ஸ்கிரிப்ட்டுக்குள் ஓடினால் அந்த எச்சரிக்கையை யார் பார்க்கப் போகிறார்கள்? அடுத்து எஃப்.டபிள்யூ. செட்என்வ் (மாறியை எழுதும் கட்டளை) ஓட்டினால் அந்த இயல்பு மதிப்புகள் அத்தனையும் தவறான இடத்தில் எழுதப்படும். ஆகவே இந்தக் கோப்பைக் கையால் எழுதாமல், பில்டு முடிந்ததும் டாட்-கான்ஃபிக்கிலிருந்து (பில்டின் இறுதித் தேர்வுக் கோப்பு) பத்து வரி ஸ்கிரிப்ட்டால் உருவாக்குவதே உருப்படியான வழி. என்விரான்மென்ட் போர்டிலேயே ஒட்டிய நினைவகமான இ.எம்.எம்.சி.யின் பூட்0 பகுதியில் இருந்தால் இன்னொன்று: லினக்ஸ் அதை இயல்பாகப் படிக்க மட்டுமே விடும். சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் அமைப்புகளைக் காட்டும் அடைவு) ஃபோர்ஸ் ஆர்.ஓ. மதிப்பை 0 ஆக்காமல் எழுத முடியாது. எழுதி முடித்ததும் மறக்காமல் 1.

இரட்டைப் பிரதிக்கான கான்ஃபிக் பெயரை ஆவணத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் பதற வேண்டாம். ஆங்கில எழுத்துக்கூட்டலில், அதில் வரும் "ரிடண்டண்ட்" என்ற சொல்லின் கடைசி எழுத்து பல ஆண்டுகள் பிழையாகவே இருந்தது. தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது. கிரெப் (கோப்புகளில் சொல் தேடும் கட்டளை) போட்டால்தான் தெரியும்.

டெஃப்கான்ஃபிக்கில் பூட் கமாண்டை மாற்றிப் புது இமேஜ் ஏற்றியும் போர்டு பழையபடியே பூட் ஆகிறது என்ற புகார் ஓயாது. ஏற்கெனவே சேவ்என்வ் செய்த (என்விரான்மென்ட்டைச் சேமித்த) போர்டில் சேமித்ததுதான் ஜெயிக்கும். இயல்பு மதிப்புகளுக்குத் திரும்ப என்வ் டிஃபால்ட், கூடவே "ஏ" கொடி, பிறகு சேவ்என்வ். இதை ஆவணத்தின் முதல் பக்கத்துக்கே ஏற்ற வேண்டியிருந்தது. அதற்கு முன் ஈத்தர்நெட் முகவரியையும் வரிசை எண்ணையும் குறித்து வைக்கச் சொல்லும் வரி அதற்கும் மேலே.

எங்கே வைப்பது என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. விக்கி பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் மூலக்குறியீட்டின் பதிப்புகளைக் காக்கும் கிட்டில் கிளை பிரியும்போது அது கூடப் பிரியாது. மூலக்குறியீட்டின் டாக் அடைவில், போர்டின் பெயரிலேயே ஓர் ஆர்.எஸ்.டி. (எளிய குறிகளோடு எழுதும் உரை) கோப்பு, மேக் எச்.டி.எம்.எல்.டாக்ஸ் ஓட்டினால் பக்கம் தயார். கான்ஃபிக் மாற்றமும் காரண வரியும் ஒரே கமிட்டில் வருகின்றனவா என்பதை மறுஆய்வில் பார்த்தால் போதும்.

மெனுகான்ஃபிக் (தேர்வுகளைக் காட்டும் மெனு) திரைப்பிடிப்புகள் ஒன்றுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மெனு வரிசை மாறிய அன்றே அவை குப்பை. சீரியல் கன்சோலின் முழு பூட் லாக் மட்டும், எதிர்பாராத வகையில், இன்னும் உழைக்கிறது. எஸ்.பி.எல். பதிப்பு வரியில் தொடங்கி கர்னல் தொடங்கும் வரி வரை, ஒரு போர்டுக்கு ஒன்று. புதிய பதிப்பில் டி.ரேம் அளவோ, என்விரான்மென்ட் எங்கிருந்து ஏறுகிறது என்ற வரியோ மாறியிருந்தால், பக்கத்தில் வைத்துப் பார்த்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.