முதல் பகிடிக்கு எந்தக் கேம்?

கேம்களைப் பகிடியாக விமர்சிக்கும் நிகழ்ச்சி ஒன்றை நானும் மச்சானும் கொக்குவிலில் அவன் வீட்டு மேல்மாடியில் தொடங்கப் போகிறோம். முதல் எபிசோட் எட்டு நிமிடம் என்பதில் சண்டை இல்லை. எந்தக் கேம் என்பதில்தான் மூன்று நாளாகத் தேத்தண்ணீர் ஆறுகிறது.

மச்சான் பிடித்துக்கொண்டு நிற்பது அட்டாரி 2600 என்ற பழைய டிவி கேம் பெட்டிக்கு 1982இல் வந்த ஈ.டி.யை, அதே பெயருள்ள வேற்றுக்கிரகவாசிப் படத்தை வைத்துச் செய்த கேமை. கிறிஸ்மஸ் விற்பனைக்காக ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா ஐந்து வாரம் அளவில் அவசரமாகச் செய்தது. விற்காத கசெற்றுகளை 1983இல் நியூ மெக்சிகோவில் குப்பைமேட்டில் புதைத்தார்கள், 2014இல் தோண்டியும் எடுத்தார்கள். கதை அருமை. ஆனால் திரையில் நடப்பது என்ன? ஈ.டி. குழிக்குள் விழும், கழுத்தை நீட்டி மேலே வரும், திரும்ப விழும். சலிப்பு வேறு, சிரிப்பு வேறு. போதாததற்கு, வெளிநாட்டு விமர்சகர்கள் எப்போதோ கறந்து முடித்த மாடு இது.

என் மனம் முதலில் டக் ஹன்டில்தான் இருந்தது. பறக்கும் தாராவை விளையாட்டுத் துவக்கால் டிவியில் சுடும் கேம், 1984இல் நின்டெண்டோ வெளியிட்டது. எங்களுக்கு வந்து சேர்ந்தது மலிவு டிவி கேம் பெட்டியில். அட்டையில் '9999999 இன் 1' என்றிருக்கும், உள்ளே ஒரே கேம் பத்துத் தடவை வரும். தாரா தப்பினால் நாய் எழும்பிச் சிரிக்குமே, அதை மறந்த பெடியன் உண்டா?

சிக்கல் துவக்கில். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, தாரா இருந்த இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாக மின்னும். துவக்கின் குழாய்க்குள் இருக்கும் சென்சர் அந்த வெளிச்சத்தைப் பிடிக்கும். இப்போதைய தட்டை டிவி படத்தைக் கொஞ்சம் பிந்திக் காட்டுவதால் கணக்குப் பிழைக்கும். ஆகவே பழைய குண்டு டிவி வேண்டும். அம்மம்மா வீட்டில் ஒன்று இருக்கிறது, மேலே நெல்மூட்டை. அதைக் கமெராவில் எடுத்தால் கறுப்புக் கோடு ஓடும். கமெராவின் ஷட்டர் வேகத்தை 1/50 செக்கனில் வைத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டாலும் பகிடி ஒரு நாய்தான். கேம் நல்ல கேம், திட்ட வழியில்லை.

கடைசியில் வந்தது பிக் ரிக்ஸ், 2003, கொம்பியூட்டர் கேம். லொறிப் பந்தயம். எதிராளி லொறி வெளிக்கிடவே வெளிக்கிடாது. திருத்தம் விட்டார்கள், அப்புறம் அது ஓடி வந்து முடிவுக்கோட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது! வீடு, மரம் எல்லாவற்றுக்குள்ளாலும் லொறி போகும், செங்குத்து மலையிலும் ஏறும். ரிவர்ஸ் போட்டால் வேகத்துக்கு எல்லையே இல்லை. வென்றால் பிழையான ஆங்கிலத்தில் பாராட்டு. விளக்கம் சொல்லத் தேவையில்லை, முதல் நிமிடத்திலேயே சனம் சிரிக்கும்.

எனக்கு முடிவானது வேறொரு காரணத்தால். தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றும் மாமாவை ஒத்திகைக்கு இருத்தினோம். லொறி பாலத்துக்குள்ளால் கீழே விழுந்தும் ஓடிக்கொண்டே போனது. மாமா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இவனுக்கு ஆர் லைசன்ஸ் குடுத்தது?"

கமெரா போடவில்லை என்று மச்சான் இன்னும் என்னைத் திட்டுகிறான்.