தாத்தாவின் சங்கத்தில் ஒரு நகைக்கடன்

எங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் சென்ற வாரம் நகைக்கடன் வாங்கினேன். தாத்தா செயலாளராக இருந்து ஓய்வுபெற்ற இடம். ஆகவே மதிப்பெண்ணில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் தேய்த்துப் பார்த்தார். கல்லுக்கும் அரக்குக்கும் எவ்வளவு எடை கழிக்கிறார் என்பதை வாய்விட்டுச் சொன்னார். நான் போன அடகுக் கடைகளில் அது ரசீதைப் பார்த்தால்தான் தெரியும். பயிர்க்கடன் என்றால் இன்னும் லாபம்: தவணைக்குள் கட்டுபவருக்கு வட்டியே கிடையாது. குறை, கணினி. நடுவில் நின்றுபோய், சாப்பாட்டு நேரம் வரை உட்கார வைத்துவிட்டது.

தாத்தா காலத்தில் எல்லாம் பேரேடுதான். 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்ததும் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் தொடங்கிய கடன் சங்கத்தைப் பற்றிச் சொந்த வீட்டுக் கதைபோலச் சொல்வார். ஏலப் பட்டியல் பலகையில் ஏறும் முன்பே சைக்கிளில் கடன்காரர் வீட்டுக்குப் போய்விடுவார். திண்ணையில் உட்காரமாட்டார். “வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துவிடு தாயி, பொருள் போய்விடக் கூடாது” என்பார். அதே மனிதர், பழைய நிலுவை இருக்கிறதென்று என் அப்பாவின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார். அப்பா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

இப்போது ஏல எச்சரிக்கை குறுஞ்செய்தியாக வருகிறது. கைப்பேசி பார்க்கத் தெரியாத கிழவிகளுக்கு யார் சொல்வது? இதற்காகவே ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன், ஐந்துக்கு நான்கு. போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், ஆதார் நகல் கையில் இருக்கட்டும்.