புத்தகத் தொழில் பழக எங்கே போவது? திருகோணமலை மாணவருக்கு நான்கு வழிகள்

கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் இறுதியாண்டில் படிக்கும் மாணவி ஒருவர் சென்ற கிழமை என்னிடம் கேட்டார்: “அக்கா, மூன்று மாதம் பயிற்சிக்குப் போக வேண்டும். கொழும்பில் பத்திரிகையா, இங்கே பதிப்பகமா?” இரண்டில் ஒன்று என்று அவர் நினைத்திருந்தார். திருகோணமலையில் இருந்துகொண்டு எழுத்துத் தொழில் பழக விரும்பும் ஒருவருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன: கொழும்புப் பத்திரிகை, நகரத்து அச்சகம், லாபம் பார்க்காத சிறு இலக்கியப் பதிப்பகம், வீட்டிலிருந்தே செய்யும் மின்னூலகப் பணி.

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் ஓர் அச்சகத்தில் ஒன்றரை வருடம் வேலை செய்தவள் நான். இப்போது ஒன்பது வருடமாக ஒரு சிறு பதிப்பகத்தில் மாலை வேளைகளில் மெய்ப்புப் பார்க்கிறேன், அதாவது அச்சுக்குப் போகுமுன் தாளில் பிழை திருத்துகிறேன். ஆகவே எனக்குச் சாய்வு உண்டு. ஆனால் எந்த இடத்தையும் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: நீங்கள் திருத்திய தாள், ஏன் சரி, ஏன் தவறு என்ற விளக்கத்தோடு உங்களிடம் திரும்பி வருகிறதா?

பத்திரிகையில் பெரும்பாலும் வராது. வீரகேசரி 1930இலிருந்தும் தினகரன் 1932இலிருந்தும் வெளிவருகின்றன. அப்படிப்பட்ட பெரிய நாளிதழ்களில் பயின்றவர் என்ற பெயருக்கு எங்கேயும் மதிப்பு உண்டு. தலைப்பைச் சுருக்கவும், நானூறு சொல்லை நூற்றைம்பதாக்கவும், மணி பார்த்து எழுதவும் அங்கே கை பழகும். ஆனால் இரவுப் பதிப்பு போகிற நேரத்தில் உங்கள் பந்தியை வெட்டியவர் அதற்குக் காரணம் சொல்ல நிற்க மாட்டார். மறுநாள் காலையில் அச்சில் பார்த்து நீங்களே ஊகிக்க வேண்டும். வெள்ளவத்தையில் தங்கும் அறைக்கு வாடகை, சாப்பாடு, இரவு ரயிலில் ஊர் வந்து போகும் செலவு எல்லாவற்றையும் கூட்டினால், கிடைக்கும் கொடுப்பனவு அநேகமாக அதிலேயே கரைந்துவிடும். செய்தியாளராகத்தான் ஆவேன் என்ற உறுதி உள்ளவருக்கு இது பொருட்டில்லை, அவர் போகத்தான் வேண்டும். புத்தகம் செய்ய விரும்புகிறவருக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை.

நகரத்து அச்சகத்தைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. பட்டதாரி மாணவர் போய்க் கலியாண அழைப்பிதழும் பற்றுச்சீட்டுப் புத்தகமும் அடிப்பதா என்று கேட்கிறார்கள். அந்த எண்ணம் எனக்கு வருத்தம் தருகிறது. ஒரு நூல் எதனால் ஆகிறது என்பதை நான் கற்றது அங்கேதான். 98 பக்கக் கவிதைத் தொகுதியோடு ஒருவர் வருவார். முதலாளி முதலில் கேட்பது, “இரண்டு பக்கம் குறைக்கலாமா?” பதினாறு பக்கம் ஒரு படிவம்; ஆறு படிவம் என்றால் 96. மிஞ்சிய இரண்டு பக்கத்துக்காக இன்னோர் அச்சுத் தட்டும் இயந்திரத்தில் இன்னோர் ஓட்டமும் வேண்டும். இதை அறியாமல் பதிப்பாசிரியரானவர்களையும் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று கல்வெட்டு. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலரைத்தான் சொல்கிறேன். வம்சாவளியில் ஒரு பெயர் விடுபட்டால், ஒரு மருமகனின் முதலெழுத்து பிழைத்தால், அந்தக் குடும்பம் பத்து வருடம் மறக்காது. மெய்ப்புப் பார்ப்பது எவ்வளவு பொறுப்பான வேலை என்பதை அந்தப் பதினாறு பக்கம் கற்றுத் தருவதுபோல வேறெதுவும் தராது. திருத்தமும் திரும்பி வரும், வாடிக்கையாளரின் கோபத்தோடு வரும். கூலியும் கிடைக்கும். குறை ஒன்றுதான்: எழுத்தின் தரத்தைப் பற்றி அங்கே எவரும் பேச மாட்டார்கள். கொண்டுவந்ததை அடித்துக் கொடுப்பதுதான் அவர்கள் தொழில்.

சிறு பதிப்பகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திருகோணமலைக்காரரான தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் வெளிவந்தபோது சென்னையில்தான் அச்சேறியது. இன்றும் இந்த மாவட்டத்துக் கையெழுத்துப் பிரதிகளில் பல கொழும்புக்கோ சென்னைக்கோ போகின்றன. அவற்றை இங்கேயே படித்து, இங்கேயே திருத்தி, இங்கேயே வெளியிட வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கும் நாலைந்து பேர், ஒரு முன்னறை, ஒரு பழைய கணினி: பதிப்பகம் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். முந்நூறு பிரதி, மிஞ்சினால் ஐந்நூறு.

அங்கே பயிற்சி எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு மாலையைச் சொல்கிறேன். மூதூர்ப் பக்கத்து எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைகள் மெய்ப்பில் இருந்தன. பயிற்சிக்கு வந்த மாணவி ‘மறுகா’ என்ற எங்கள் பக்கத்துப் பேச்சுச் சொல் வந்த இடமெல்லாம் சிவப்புப் பேனாவால் அடித்து ‘பிறகு’ என்று எழுதியிருந்தார். மொத்தம் பதினொரு இடம். நல்ல தமிழாக்கிவிட்டேன் என்ற நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது. தாளை அவர் பக்கம் திருப்பி வைத்து ஒவ்வோர் இடத்திலும் கேட்டேன்: “இங்கே இதைச் சொல்வது யார் பிள்ளை?” ஒன்பது இடத்தில் கதையின் கிழவி பேசினாள். இரண்டு இடத்தில் கதைசொல்லி. எழுத்தாளரைத் தொலைபேசியில் அழைத்தோம். “என்னுடைய கிழவி ‘பிறகு’ என்று சொல்லவே மாட்டாள்” என்றார். கதைசொல்லியின் இரண்டையும் மாற்றச் சம்மதித்தார். ஒன்பது ‘மறுகா’வையும் மாணவி தன் கையாலேயே மீட்டு, ஒவ்வொன்றின் கீழும் ‘அடித்ததை விட்டுவிடு’ என்பதற்கான புள்ளிகளை இட்டார். ஒரு சொல்லுக்காக முக்கால் மணி நேரம் போயிற்று. பத்திரிகை மேசையில் இந்த முக்கால் மணி நேரம் கிடைக்காது. அச்சகத்தில் இந்தக் கேள்வியே எழாது.

மற்ற வேலைகளும் ஒரே கையில் வந்து சேரும். மூத்த எழுத்தாளர்களின் கோப்புகள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வருகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தெரியும். யூனிகோடுக்கு மாற்றியபின் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் இடங்களை வரி வரியாகத் தேட வேண்டும். நூலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்குத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும் பதின்மூன்று இலக்கத்தை ஒன்றாலும் மூன்றாலும் மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். பின்னட்டையில் ஓர் இலக்கம் பிழைத்திருந்ததை இப்படிக் கூட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தவர் ஒரு பயிற்சி மாணவர். வெளியீட்டு விழாவன்று முதற்பிரதி, சிறப்புப் பிரதி பெறுவோரின் கடித உறைகளைப் பிரித்துக் கொப்பியில் பதிவதும் பயிற்சியாளர்தான். அடுத்த நூலுக்கான பணம் அந்தக் கொப்பியில்தான் இருக்கிறது.

இனிக் காசு. நாங்கள் சம்பளம் கொடுப்பதில்லை. 2022இல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போகும் அளவுக்கு நாட்டில் தாள் தட்டுப்பாடு வந்தது. அதற்குப் பிறகு அச்சுச் செலவு பழைய நிலைக்கு இறங்கவில்லை. இது உண்மை. ஆனால் இந்த உண்மையை மாணவரின் தலையில் சுமத்துவது நியாயமில்லை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபின் ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவைப் பாதைக்காகக் காத்திருக்கும் நேரம் போய்விட்டது. பஸ் காசு போகவில்லை. மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ கிழமைக்கு மூன்று நாள் வரும் பிள்ளைக்குப் போக்குவரத்துச் செலவும் மதியச் சாப்பாடும் கொடுக்க முடியாத பதிப்பகம், பயிற்சியாளரைச் சேர்க்கவே கூடாது. எங்கள் முதல் இரண்டு வருடங்களில் நாங்கள் கொடுக்கவில்லை. அப்போது இடையில் நின்றுபோன ஒருவரை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது. இலக்கியத் தொண்டு என்று சொல்லித் தேநீர் போடவும் கதிரை அடுக்கவும் மட்டும் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. சேருமுன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த நூலில் வேலை செய்வேன், யார் என் திருத்தத்தைப் பார்ப்பார், பதிப்பு விவரப் பக்கத்தில் என் பெயர் வருமா? பதில் மழுப்பலாக இருந்தால் அச்சகத்துக்குப் போய்விடுங்கள்.

நான்காவது வழியான மின்னூலகப் பணியை, ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் ‘நூலகம்’ போன்ற திட்டங்கள் சாத்தியமாக்கியிருக்கின்றன. பழைய இதழ்களை வருடி (ஸ்கான் செய்து) சேர்ப்பது, ஆசிரியர், ஆண்டு, பதிப்பு விவரங்களை ஒழுங்காகப் பதிவது போன்ற வேலைகள். வேறு வேலை பார்த்துக்கொண்டே செய்யலாம், பஸ் ஏற வேண்டாம். மூன்று மாதப் பயிற்சிக்கு அதை மட்டும் நம்பியிருப்பதைவிட, மற்ற மூன்றில் ஒன்றோடு சேர்த்துக்கொள்வது நல்லது.

அந்த மாணவியிடம் அவர் வீட்டு நிலையைக் கேட்டேன். தகப்பனார் மீன்பிடிக்குப் போகிறவர், தம்பிமார் இருவர் படிக்கிறார்கள். கொழும்பு வேண்டாம் என்றேன். கிழமையில் நான்கு நாள் கூலி தரும் அச்சகம், இரண்டு மாலை எங்கள் முன்னறை என்று பிரித்துக்கொள்ளச் சொன்னேன். அச்சகத்து முதலாளியிடம் நானே பேசுகிறேன். எங்களிடம் ஆவணியில் வந்தால் போதும். மாரி தொடங்கினால் தாள் ஈரம் குடித்து நெளியும் என்பதால் ஐப்பசிக்கு முன் ஒரு நூலையாவது அச்சுக்குக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். அவர் வரும்போது அதன் முதல் மெய்ப்பு மேசையில் இருக்கும்.